மின்மினிப் பெண் எழுந்த விதம்

கிழக்குப் பக்கம் அமர்ந்திருப்போரே, மேற்குப் பக்கம் அமர்ந்திருப்போரே, சத்தம் வேண்டாம்! சோற்றுப் பொட்டலம் பிரிக்கிறவர்கள் கையை நிறுத்துங்கள். இதோ ஒரு மாபெரும் அறிவிப்பு. வானமும் பூமியும் பிரிந்த நாள் முதல் மனித உடம்பு சாதித்தவற்றில் எல்லாம் தலையாயது, 'மின்மினிப் பெண்' என்னும் கபுகி நடனத்தின் கடைசியில் வருகிற 'எடையின்றி எழுதல்'. தரையில் வீழ்ந்து கிடக்கும் பெண், கையை ஊன்றாமல், காலை மடக்காமல், புகை எழுவதுபோல எழுந்து நிற்கும் அந்த அற்புதத்தின் புனித வரலாறு இப்போது உள்ளது உள்ளபடி சொல்லப்படுகிறது. குழந்தைகளை மடியில் இருத்திக்கொள்ளவும்.

ஜப்பானில், எடோ நகரத்து நாடகத் தெருவில் மிசாவா கொட்டகை என்றால் பெண் வேடம், பெண் வேடம் என்றால் ரன்னோசுகே. வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. மேடையில் பதினேழு. பெண் வேடம் கட்டுகிறவன் மேடைக்கு வெளியிலும் பெண்ணாகவே வாழ வேண்டும் என்று அவருடைய குரு சொல்லிவைத்துவிட்டுப் போயிருந்தார். அதனால் தெருவில் சின்னச் சின்ன அடி வைத்துத்தான் நடப்பார். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து சாப்பிட மாட்டார். சிரிப்பு வந்தால் அங்கிக் கையால் உதட்டை மறைத்துக்கொள்வார். கோபம் வந்தால் மட்டும் உள்ளேயிருந்து ஒரு மீன் சந்தை ஏலக்காரன் எட்டிப் பார்ப்பான். அவருடைய மனைவி ஒசாயோ பக்கத்து வீட்டுக்காரிகளிடம் இப்படிச் சொல்வாள்: "எங்க வீட்டுல ரெண்டு பொம்பளைங்க. அடுப்படிக்குப் போறது மட்டும் ஒருத்தி."

மின்மினிப் பெண் அவருக்குக் குருவழியாக வந்த சொத்து. புதிதாகச் சேர்ந்த நடிகன் எவனாவது கையில் சிக்கினால், தேநீர் ஆறும்வரை அதன் மகிமையைச் சொல்லுவார். "ஆரம்பத்துல முரசு அதிருதே, அது என்னன்னு நினைக்கிறே? கைவிடப்பட்ட ஒருத்தியோட நெஞ்சுத் துடிப்பு!"

உண்மையில் ஆரம்பத்தில் நடனமே கிடையாது. பழிவாங்கும் நாடகம் ஒன்றில், இரண்டு காட்சிகளுக்கு நடுவே தச்சர்கள் கோட்டையைப் பிரித்துவிட்டுக் காட்டை நட வேண்டியிருந்தது. அதற்குள் சனங்கள் எழுந்து எதிர்த்த தேநீர்க் கடைக்குப் போய்விடக் கூடாதே என்று ஒரு நடிகனுக்குப் பெண் வேடம் போட்டுத் திரைக்கு முன்னால் தள்ளிவிட்டார்கள். முரசு, சுத்தியல் சத்தத்தை அமுக்குவதற்கு. தச்சர்கள் நிதானக்காரர்களாக இருந்ததால் நடனம் நீண்டது.

அப்புறம் அந்த விசிறி. மூன்றாம் பாட்டில் அவள் விசிறியை விரித்து நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். விசிறிதான் நிலவு, அதில் காதலன் முகத்தைத் தேடுகிறாள் என்று ரன்னோசுகே சொல்லும்போது அவருக்கே கண் கலங்கும். முதலில் ஆடினவருக்கு அடுத்த அடி மறந்துபோகும். விசிறியின் உட்பக்கம் எழுதிவைத்திருந்தார். எழுத்து பொடியாக இருந்தது, அதனால்தான் நெடுநேரம். நடனத்தின் நடுவில் நூலை உருவியதும் மேலாடை கழன்று விழுந்து உள்ளேயிருந்து வேறொரு நிறம் பளிச்சிடுமே, உயிர் கூடுவிட்டுக் கூடு பாய்கிற அந்தத் தத்துவம், அது ரன்னோசுகேயின் குரு காலத்தில் சேர்ந்தது. ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் அந்த வருஷத்துப் புதுத் துணிகளை எல்லாம் ஒரே ஆட்டத்தில் சனங்களுக்குக் காட்டிவிட ஆசைப்பட்டார்.

இவ்வாறாகச் சுத்தியலும் மறதியும் ஜவுளியும் கூடி ஒரு மகத்தான கலை வளர்ந்தது. ரன்னோசுகேக்கு இது எதுவும் தெரியாது. யாராவது சொல்லியிருந்தால் ஏலக்காரன் வெளியே வந்திருப்பான்.

சரி, அந்த நூலை உருவுவது யார்? குமாசோ. தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தி, முகத்திலும் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு, ரன்னோசுகேயின் முதுகுக்குப் பின்னால் குந்தியிருக்கிற ஆள். நூலை உருவுவான், விசிறியை எடுத்துக் கொடுப்பான், கழன்ற ஆடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்வான், நீளமான மூங்கில் குச்சியின் நுனியில் தங்கத் தாள் மின்மினியைக் கட்டிப் பறக்கவிடுவான். பட்டப்பகலில், கொட்டகை நிறைந்த கூட்டத்துக்கு முன்னால், கன்றுக்குட்டி சைஸில் அவன் அங்கேதான் இருப்பான். ஆனாலும் இருக்க மாட்டான். மேடையில் கறுப்பு என்றால் 'இல்லை' என்று அர்த்தம். எடோவில் பல் முளைக்காத பிள்ளைக்கும் இது தெரியும். சனங்கள் அவனைப் பார்க்காமலிருக்கப் பழகி, பழகி, கடைசியில் உண்மையாகவே தெரியாமல் போய்விட்டது.

குமாசோ இளவயதில் மல்யுத்தக்காரனாக ஆகப் பார்த்தவன். தள்ளுவதைவிடத் தூக்குவது நன்றாக வந்தது, ஆனால் எதிராளி தூக்குவதற்கு ஒத்துழைக்கவில்லை. கடைசியில் ரன்னோசுகேயிடம் வந்து சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் ரன்னோசுகே அவனிடம் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. திமிர் என்று சொல்ல முடியாது. இல்லாதவனுக்கு எப்படி நன்றி சொல்வது?

அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் மறுபடியும் மின்மினிப் பெண் போடுவது என்று முடிவானதும், கொட்டகை முதலாளி கான்பெய் ஒப்பனை அறைக்கு வந்து உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார். புகைக் குழாயைத் தட்டினார்.

"பெரியவரே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. முழங்கால் எப்படி இருக்கு?"

"எந்த முழங்கால்?"

"ரெண்டுல எது வலிக்குதோ அது."

"எனக்கு முழங்காலே இல்லைன்னு வச்சுக்குங்க. அவ்வளவு லேசா இருக்கு."

"சந்தோஷம். ஏன் கேட்டேன்னா, போன தடவை கடைசியில உக்காந்து எந்திரிக்கறப்ப ஒரு தடுமாட்டம். பின்வரிசைக்காரன் பார்த்துட்டான். இந்த முறை அப்படி ஏதாவது ஆச்சுன்னா ஆட்டத்தை இதோஜிகிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன். இருபத்திரண்டு வயசு. நல்ல பெரிய கண்ணு. உங்களுக்கு வேற நல்ல வேஷமா நிறைய இருக்கு. மாமியார் வேஷம், பிணம் கழுவற கிழவி வேஷம்..."

கான்பெய் போன பிறகு ரன்னோசுகே கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார். அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை. உலகத்தில் அவருக்கென்று இருந்தது இந்த ஒரு நடனம். அதை ஆடும்போது மட்டும் தான் யாரென்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். இடது முழங்காலோ சில நாள் மடங்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது. வீட்டில் ஒசாயோ தினமும் கடுகு அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். காரம் தாங்காமல் அவர் ஏலக்காரன் குரலில் அலறுவார்.

ஒத்திகையில் குமாசோ மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, கடைசியில உக்கார வேணாமே. நின்னுக்கிட்டே அழுதுடுங்க."

"நின்னுக்கிட்டே அழறதுக்கு அவ என்ன காவல்காரியா? விடியறப்ப மின்மினி வெளிச்சம் போய்த் தரையில விழணும். அப்புறம் எழுந்து ஒரு மிதி மிதிச்சு, மலர்ப்பாதை வழியா போகணும். அதுதான் உயிர்நாடி. உனக்கென்ன தெரியும், நூலை உருவுடா."

குமாசோ நூலை உருவினான்.

முதல் நாள். கொட்டகையில் எள் போட இடமில்லை. மேடைக்கும் வாசலுக்கும் நடுவே கூட்டத்தைப் பிளந்துகொண்டு போகிற மலர்ப்பாதையின் இரண்டு பக்கமும் சனங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரன்னோசுகே தோன்றியதும் பின்வரிசையிலிருந்து அவருடைய குடும்பப் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்: "சுருமியா! சுருமியா!" முரசு அதிர்ந்தது. விசிறி விரிந்தது. ஆடைகள் ஒவ்வொன்றாகக் கழன்று நிறம் மாறின. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி நாணல்களுக்கு நடுவே ஒரு மின்மினியைத் துரத்திக்கொண்டு ஓடினாள். இவ்வளவு கேலி செய்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: மனுஷன் ஆடினால் நாணல் ஈரமாக இருக்கும்.

கடைசிக் கட்டம். விடியல். பெண் மெல்லச் சரிந்து தரையில் விழுந்தாள். பாட்டுக்காரர் ஒரு வரியை இழுத்து முடித்தார். இப்போது எழ வேண்டும்.

எழவில்லை.

இடது முழங்கால் பூட்டிக்கொண்டது. ரன்னோசுகே வலது காலை அழுத்திப் பார்த்தார். அது தனியாக என்ன செய்யும்? பாட்டுக்காரர் நிலைமை புரியாமல் அதே வரியை மறுபடி இழுத்தார். மேடையின் ஓரத்துத் திரை இடுக்கில் இதோஜியின் பெரிய கண் தெரிந்தது. வெள்ளைப் பூச்சுக்குள்ளே வியர்வை ஒரு கோடு கிழித்துக்கொண்டு இறங்கியது. பிணம் கழுவுகிற கிழவி வாசலில் வந்து நின்று கூப்பிடுவது அவருக்குக் கேட்டது.

அப்போது அவருடைய இரண்டு கக்கத்துக்குக் கீழும் இரண்டு கை நுழைந்தது.

குமாசோவுக்கு மூங்கில் குச்சியைக் கீழே வைக்க நேரமில்லை. பல்லில் கடித்துக்கொண்டான். முட்டி போட்டு, மூச்சை இழுத்து, மல்யுத்தக் கூடத்தில் ஒரு நாளும் வாய்க்காத ஒரு தூக்கு தூக்கினான். ரன்னோசுகே தரையைவிட்டு மேலே வந்தார். கால்கள் தொங்கின, பாவாடை விளிம்பு தரையைத் துடைத்தது. குமாசோ இரைக்க இரைக்கப் பல்லில் இருந்த குச்சி நடுங்கியது, நுனியில் இருந்த மின்மினி ரன்னோசுகேயின் தலையைச் சுற்றிப் பைத்தியம் பிடித்ததுபோலப் பறந்தது. காலைத் தரையில் ஊன்றி வைத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, குமாசோ பழைய இடத்தில் குந்திக்கொண்டான்.

ஆரவாரத்தில் கூரை பெயர்ந்தது. "சுருமியா! உலகத்துலயே ஒருத்தர்!" என்று யாரோ குரல் உடைந்து கத்தினார். ரன்னோசுகே ஒரு மிதி மிதித்தார், வலது காலால்தான். மலர்ப்பாதை வழியே போனார். எப்படிப் போனார் என்று அவருக்கே நினைவில்லை.

ஒப்பனை அறையில் அவர் பூச்சைக்கூடக் கலைக்காமல் உட்கார்ந்திருந்தார். தீர்ந்தது என்று நினைத்தார். கான்பெய் ஓடி வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"பெரியவரே! கையை ஊனாம! எப்படி? முப்பது வருஷமா கொட்டகை நடத்தறேன், ஒரு மனுஷ உடம்பு இப்படி எந்திரிச்சுப் பார்த்ததே இல்ல!"

"குமாசோதான் என்னைத் தூக்கினான்."

"எந்தக் குமாசோ?"

"என் பின்னால கறுப்பு உடுத்திட்டு..."

கான்பெயின் முகம் சிவந்துவிட்டது. யாரோ சபையில் துணியை அவிழ்த்ததுபோல வேறு பக்கம் பார்த்தார். "பெரியவரே. மேடையில கறுப்புன்னு ஒண்ணு இருந்துச்சுன்னு நீங்களே சொல்றதா? உங்க வாயால? ரகசியத்தைச் சொல்ல இஷ்டமில்லைன்னா சொல்லாதீங்க. இப்படிக் கொச்சையாப் பேசாதீங்க."

இதோஜியாவது பார்த்திருப்பான் என்று நினைத்தால், அவன் நடிகன். நடிகனுக்குக் கறுப்பு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியாது. தினமும் குளியல்கூடத்துப் பலகையில் விழுந்து விழுந்து, கையை ஊன்றாமல் எழப் பழகினான். அந்த வாரத்திலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. நடிகர்களைத் தரம்பிரித்துப் புத்தகம் போடுகிற ஷுன்தேய் என்ற ரசிகசிகாமணியோ, எழுச்சியைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பக்கம் எழுதினார். உயிர் உடம்பைத் துறக்கையில் எடையையும் துறப்பதை இவர் காட்டினாராம். துயரத்தால் நிலைகுலைந்து அவள் தலையைச் சுற்றிய அந்த மின்மினி, புத்தரின் கருணையாம்.

குமாசோவின் பல் அன்றிலிருந்து ஆடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாளும் முழங்கால் பூட்டிக்கொண்டது, குமாசோ தூக்கினான். அடுத்த நாள் ரன்னோசுகே முயற்சி செய்வதையே விட்டுவிட்டு விழுந்து கிடந்தார். அந்தக் கைகள் வந்து நுழைகிற அந்த நிமிஷத்தில் அவருக்கு வினோதமான ஒரு நிம்மதி. பிறந்ததிலிருந்து தன் காலில் தானே நின்றதாக நினைத்துக்கொண்டிருந்த மனிதர், தூக்கப்படுவது எவ்வளவு சுகம் என்று அறுபது வயதில் கண்டுபிடித்தார். நினைத்துப் பார்த்தால் இருபது வருஷமாகக் குமாசோ தூக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். விழுந்தது மட்டும்தான் புதிது.

ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும், சுட்ட விலாங்கு வைத்த சோற்றுப் பெட்டியை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டுக்குப் போனார். குமாசோ அங்கே புகைத்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே இது?"

"விலாங்கு."

"யாரு செத்தாங்க?"

"யாரும் சாகலடா. உனக்குத்தான் வாங்கிட்டு வந்தேன். அன்னைக்கு நீ மட்டும் இல்லைன்னா..."

"அன்னைக்கு நான் இல்லையே அண்ணே."

"விளையாடாதே. உன் கை பட்ட இடம் இன்னும் கன்னிப்போய் இருக்கு."

"கறுப்புல இருந்தேன்ல. அப்ப இல்லைதானே?" குமாசோ பெட்டியைத் திறந்து முகர்ந்தான். "ஆனா விலாங்கு இருக்கு. இதைச் சாப்பிடறதுக்கு இருந்துக்கறேன்."

ரன்னோசுகே படியில் உட்கார்ந்தார். நாலு பேர் முன்னால் சாப்பிடாதவர், குமாசோ நீட்டிய துண்டை வாங்கி வாயைத் திறந்து தின்றார்.

"இருபது வருஷம் என் முதுகையே பார்த்துட்டு உக்காந்திருக்கே. ஒரு நாளாவது திரும்பி உன் மூஞ்சியைப் பார்த்திருப்பேனாடா?"

"பார்த்தா ஆட்டம் கெட்டுப்போயிடும். அதுவுமில்லாம அண்ணே, எதிர்ப்பக்கம் உக்காந்திருக்கவன் எல்லாம் காசு குடுத்துப் பார்க்கறான். நான் சம்பளம் வாங்கிட்டுப் பார்த்தேன். எனக்கு என்ன குறை? நீங்க ஓடறப்ப அந்த நாணல் இருக்கே, அது தாள்னு எனக்குத் தெரியும், நான்தான் ஒட்டினேன். இருந்தாலும் கால் நனையும்." கொஞ்ச நேரம் மென்றான். "ஒண்ணு மட்டும் சொல்லவா?"

"சொல்லு."

"சோத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க. மாசக் கடைசி வரைக்கும் நான் தாங்கணும்."

நன்றி என்பது ஒட்டுவாரொட்டி வியாதி. ஒரு தடவை பிடித்தால் விடாது. ரன்னோசுகே அன்று பொழுது சாயும் முன் பொய்முடி செய்கிறவரைக் கும்பிட்டார், முரசுக்காரரைக் கும்பிட்டார், செருப்பு எடுத்து வைக்கிற கிழவரைக் கும்பிட்டார். கிழவர், தன்னை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள் என்று நினைத்து அழுதார். வீட்டுக்குப் போய் ஒசாயோவிடம், "சூப்பு நல்லா இருக்கு. இத்தனை வருஷமும் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார். அவள் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லையே. என்னங்க ஆச்சு? வெளியில ஏதாவது தப்புப் பண்ணிட்டு வந்தீங்களா?"

"இல்ல ஒசாயோ. ஒருத்தன் என்னைத் தூக்கினான்."

"யாரு, குமாசோ அண்ணனா? நான்தான் பார்த்தேனே."

ரன்னோசுகே திடுக்கிட்டார். "நீ பார்த்தியா?"

"எனக்குக் கலையெல்லாம் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கடுகு அரைக்கப் போனாள்.

கடைசி நாள் வந்தது. கான்பெய் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: மூச்சு இருக்கும்வரை மின்மினிப் பெண் ரன்னோசுகேயுடையது. ஆட்டத்துக்கு முடிவில், சபைக்கு வணக்கம் சொல்லும் அறிவிப்பு இருந்தது. எல்லா நடிகர்களும் வரிசையாக மண்டியிட, ரன்னோசுகே நடுவில். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: கிழக்குப் பெருமக்களே, மேற்குப் பெருமக்களே, உங்கள் தயவு, மறைந்த என் குருவின் ஆசி. பிறகு வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார். சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். மேடையின் இடது மூலையில், தூணுக்குப் பக்கத்தில், கறுப்பாகக் குந்தியிருந்த உருவத்தைப் பார்த்தார்.

"இந்த எழுச்சி என்னுது இல்ல" என்றார். குரல் பெண் குரலுமில்லை, ஏலக்காரன் குரலுமில்லை. யாரும் அதுவரை கேட்டிராத ஒரு சாதாரணக் குரல். "என்னைத் தூக்கினவன் அதோ அங்க இருக்கான். அவன் பேரு குமாசோ. அவனாலதான் நான் நின்னேன். நல்லா இருடா."

சொல்லிவிட்டு, நெற்றி பலகையில் படும்படி விழுந்து வணங்கினார்.

சனங்கள் எல்லாரும் கழுத்தை நீட்டி அந்த மூலையைப் பார்த்தார்கள். கறுப்பாக ஏதோ இருந்தது. அதாவது, ஒன்றும் இல்லை. ஒரு கிழவி விம்மினாள். மறைந்த குருவின் வீட்டுப் பெயர் குமாசோவாகத்தான் இருக்கும் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். இல்லை, நாணல் காட்டுத் தேவதையின் பழைய பெயர் என்று முன்வரிசையில் ஷுன்தேய் விளக்கினார். வரிசை வரிசையாக அழுகை பரவியது.

ரன்னோசுகே எழவில்லை. பூட்டிக்கொண்டது, இந்த முறை இரண்டு முழங்காலும்.

மூலையிலிருந்த கறுப்பு எழுந்து வந்தது. முகத்துணியில் கண்ணுக்கு நேரே இரண்டு இடம் நனைந்து ஒட்டியிருந்தது.

"போதும்ணே, எந்திரிங்க."

"முடியலடா."

"தெரியும். புடிச்சுக்குங்க."

மறுபடியும் கூரை பெயர்ந்தது.

ரன்னோசுகேக்குப் பிறகு இதோஜி ஆடினான். அவனுக்குப் பிறகு எத்தனையோ பேர். எல்லாருக்கும் முழங்கால் எஃகு மாதிரி இருக்கிறது. ஆனாலும் விழுந்து கிடந்து, கறுப்பு ஆள் வந்து தூக்கும்வரை காத்திருக்கிறார்கள். அந்த ஆள் பல்லில் குச்சியைக் கடித்திருக்க வேண்டும் என்பது மரபு. ஆட்டம் முடிந்ததும் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இடது மூலையை நோக்கி நெற்றி பலகையில் படும்படி வணங்குவதும் மரபாகிவிட்டது. அந்த வணக்கத்தை மட்டும் சரியாகச் செய்யப் பத்து வருஷப் பயிற்சி வேண்டும் என்கிறார்கள். அதன் உட்பொருளைப் பற்றிப் பெரியவர்கள் பேச ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும்.

அந்த மூலையில் இப்போது தீயணைக்கிற தண்ணீர்த் தொட்டி இருக்கிறது.